துகளின் அசைவும் கருவியின் அசைவும்

ஒரு மைக்ரான் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் மணி, 25 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் ஒரு வினாடிக்குள் எவ்வளவு தூரம் அலையும்? ஐன்ஸ்டைன் 1905இல் எழுதிய சமன்பாட்டில் வெப்பநிலை, தண்ணீரின் பாகுத்தன்மை, மணியின் ஆரம் மூன்றையும் போட்டால் விடை கிடைத்துவிடும். நுண்ணோக்கியில் தெரிகிற தளத்தில் சராசரியாக 1.4 மைக்ரான். எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்கள் முதல் வேலையாக இந்த எண்ணைத்தான் அளந்து காட்ட வேண்டும். நூறு வருஷத்துக்கும் மேலாகத் தெரிந்த விடையை மறுபடி அளப்பானேன் என்ற கேள்வி அவர்கள் முகத்தில் ஓடும். வாய்விட்டுக் கேட்பவர்களும் உண்டு. நான் பதில் சொல்வதில்லை. முதல் முறை அளந்துவிட்டு வரும்போது அவர்கள் கையில் 1.4 இருக்காது. ஒருவருக்கு 1.1 வந்திருக்கும், இன்னொருவருக்கு 2. எங்கள் தொழில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1.1 வந்தால், மணி பெரும்பாலும் அதை அடைத்த கலத்தின் கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. சுவரை ஒட்டிய நீர் நகர மறுக்கும்; அதன் பிடி மணி வரைக்கும் எட்டும். மணியின் மையம் கண்ணாடியிலிருந்து ஒரு விட்டத் தொலைவில் இருந்தாலே அதன் பரவல் கெழு கால் பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. இன்னும் நெருங்கினால் பாதிக்கும் கீழே போகும். 2 வந்தால், நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. கலத்தின் ஓரத்தில் எங்கோ கசிவு, அல்லது உள்ளே ஒரு காற்றுக்குமிழி. அறையின் ஏ.சி. ஓடி நிற்கும்போதெல்லாம் அந்தக் குமிழி கொஞ்சம் சுருங்கும், கொஞ்சம் விரியும். அது தள்ளுகிற நீரோடு எல்லா மணிகளும் ஒரே பக்கமாகச் சாயும். திரையைப் பார்க்கிறவருக்கு இரண்டுமே அழகான பிரௌனியன் அசைவாகத்தான் தெரியும். வெறும் கண்ணால் பிரித்துவிட முடியாது.

பெங்களூரில் கூழ்மங்களைப் படம்பிடித்து அளப்பதிலேயே என் பணிக்காலம் போயிருக்கிறது. பால், பெயிண்ட், இரத்தம், மை என்று ஒரு திரவத்துக்குள் இன்னொரு பொருளின் நுண்துகள்கள் கலந்து மிதக்கும் எதுவும் கூழ்மம்தான். கூழ்மத்தோடு ஜெல், நுரை, பசை, களிம்பு என்று லேசான அழுத்தத்துக்கே இணங்கிக் கொடுக்கிற எல்லாவற்றையும் சேர்த்து ‘சாஃப்ட் மேட்டர்’ என்கிறோம். 1991இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு இயற்பியலாளர் த ஜென் தன் ஏற்புரைக்கு அதையே தலைப்பாக வைத்தார். இந்தக் குடும்பத்தில் கூழ்மத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அணுக்கள் செய்கிற காரியங்கள் பலவற்றைக் கூழ்மத் துகள்களும் செய்கின்றன. ஒழுங்காக அடுக்கிக்கொண்டு படிகமாகும், உருகும், ஒழுங்கில்லாமல் இறுகிக் கண்ணாடி நிலைக்குப் போகும். ஆனால் துகள் அணுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. அதன் அசைவோ அதைவிடப் பல மடங்கு மெது. உருகிய உலோகம் உறையும்போது ஒவ்வோர் அணுவும் என்ன செய்தது என்று யாரும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. கூழ்மம் உறையும்போது ஒவ்வொரு துகளையும் விடாமல் பின்தொடரலாம். என்னை இந்த வேலைக்கு இழுத்தது அதுதான்; இன்றும் பிடித்து வைத்திருப்பதும் அதுதான்.

இந்தத் தொழிலின் மூதாதை யாரென்று கேட்டால் நான் ராபர்ட் பிரௌனைச் சொல்ல மாட்டேன், ஜான் பெரினைச் சொல்வேன். பிரௌன் 1827இல், மகரந்தத்துக்குள் இருந்த நுண்துகள்கள் தண்ணீரில் ஓயாமல் துடிப்பதைக் கண்டார். உயிர் இருப்பதால் துடிக்கிறதோ என்ற ஐயத்தைத் தீர்க்க, கண்ணாடி, பாறை, எகிப்தின் ஸ்ஃபிங்க்ஸ் சிலையின் ஒரு துணுக்கு வரை பொடித்துப் போட்டுப் பார்த்தார். எல்லாம் துடித்தன. அது பெரிய காரியம்தான். ஆனால் அந்தத் துடிப்பை எண்ணாக்கி, அணுக்கள் உண்டு என்பதை மறுக்க முடியாதபடி நிறுவியவர் பாரிஸில் வேலை செய்த பெரின். அதற்கு அவருக்கு ஒரே அளவுள்ள கோளங்கள் வேண்டியிருந்தன. ஓவியர்கள் மஞ்சள் நிறத்துக்குப் பயன்படுத்திய காம்போஜ் என்ற பிசினை எடுத்துக்கொண்டார். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் குடம்புளி மரம் இருக்கிறதே, அதே கார்சினியா பேரினத்து மரங்களில் வடிகிற பிசின் அது. தண்ணீரில் தேய்த்தால் மஞ்சள் பாலாகும். அந்தப் பாலில் எல்லா அளவிலும் கோளங்கள் இருக்கும். மையவிலக்கியில் மறுபடி மறுபடி சுற்றி அவற்றை அளவு வாரியாகப் பிரித்தார். ஒரு கிலோ பிசினில் தொடங்கிப் பல மாதம் உழைத்த பிறகு அவர் கைக்கு வந்த ஒரே அளவுத் துகள்கள் சில டெசிகிராம்தான். ஒரு கிராம்கூடத் தேறவில்லை.

அந்தத் துகள்களைத் தண்ணீரில் விட்டு, அடியில் எத்தனை, கொஞ்சம் மேலே எத்தனை, இன்னும் மேலே எத்தனை என்று எண்ணினார். மலை ஏற ஏறக் காற்று எந்த விதியின்படி மெலிகிறதோ அதே விதியின்படி துகள்களும் மெலிந்தன. காற்று பாதியாக மெலியச் சில கிலோமீட்டர் ஏற வேண்டும். பெரினின் துகள்களுக்குச் சில பத்து மைக்ரான் போதுமாக இருந்தது. இன்னொரு சோதனையில், ஒரு துகள் இருக்கும் இடத்தை 30 வினாடிக்கு ஒரு முறை தாளில் புள்ளியாகக் குறித்து, புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்தார். பாடப்புத்தகங்களில் இன்றைக்கும் அச்சாகிற படம் அது. அந்தக் கோடுகள் துகளின் பாதை அல்ல என்று பெரினே எச்சரித்திருக்கிறார். ஒவ்வொரு வினாடிக்கும் குறித்திருந்தால் அந்த ஒவ்வொரு நேர்கோடும் முழுப்படத்தின் அளவுக்கே சிக்கலான உடைகோடாக மாறியிருக்கும். அவருக்கு 1926இல் நோபல் கிடைத்தது அணுவை நிறுவியதற்காக. நான் அவரை வணங்குவது இந்த எச்சரிக்கைக்காக. தன் படத்தில் எது துகளுடையது, எது தான் பார்த்த விதத்தால் வந்தது என்று பிரித்துச் சொன்ன முதல் ஆள் அவர்.

இன்றைக்கு யாரும் பிசினைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரே அளவு மணிகள் சிறு புட்டிகளில் விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் மணியைப் படம்பிடிக்கும் கலத்தை நம் கையால்தான் செய்ய வேண்டும். பரிசோதனையின் பாதி வெற்றி அங்கே முடிவாகிவிடுகிறது என்பது என் அனுபவம்.

கவர் ஸ்லிப்பை இடுக்கியால் ஓரத்தில் மட்டும் பிடித்து, எத்தனாலில் அலசி, அயனி நீக்கிய தண்ணீரில் அலசி, நைட்ரஜன் பீச்சி உலர்த்துவோம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உலர்ந்த நீரின் வளையம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஸ்லைடின் மேல் பாராஃபில்மில் வெட்டிய இரண்டு பட்டைகள், அவற்றின் மேல் கவர் ஸ்லிப். லேசாகச் சூடு காட்டினால் பட்டை இளகி இரண்டு கண்ணாடிகளையும் பிடித்துக்கொள்ளும். இப்போது பைபெட்டின் நுனியைத் திறந்த வாயில் வைத்தால் இருபது முப்பது மைக்ரோலிட்டர் தானாகவே உள்ளே இழுபடும். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. நீரின் முகப்பு ஒரே சீராக முன்னேறுகிறதா என்று பார்த்துக்கொண்டே விட வேண்டும். ஒரு பக்கம் முந்திக்கொண்டால் மறுபக்கம் குமிழி சிறைப்படும். பிறகு இரண்டு வாயையும் புற ஊதா ஒளியில் இறுகும் பசையால் அடைக்க வேண்டும். பல ஆய்வகங்களில் நகப்பூச்சு வைத்து அடைப்பார்கள். தண்ணீர்க் கலத்தில் சில மணி நேரச் சோதனைக்கு அது போதும். அதன் கரைப்பான் பாலிஸ்டைரீனுக்கு ஆகாது என்பதால் நீண்ட சோதனைக்கு நான் அதை அனுமதிப்பதில்லை.

உப்பின் விஷயமும் இங்கேயே வந்துவிடுகிறது. மணிகளின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கி, கண்ணாடியையும் விலக்கி நிற்கின்றன. தண்ணீரில் உப்பு கூடக்கூட இந்த விலக்கம் எட்டும் தூரம் சுருங்கும். ஒரு லிட்டரில் ஒரு மில்லிமோல் சாதாரண உப்பு இருந்தால் அந்தத் தூரம் 10 நானோமீட்டர். நூறு மில்லிமோல் ஆனால் ஒரே ஒரு நானோமீட்டர். அந்த நிலையில் மணிகள் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ளும், திரும்ப வராது. சோதனைக்கு இது தொல்லை. ஆனால் ஒட்டிக்கொண்ட மணியைப் போல எங்களுக்கு உதவுகிற பொருள் வேறெதுவும் கிடையாது. அதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

நுண்ணோக்கியைப் பற்றிச் சுருக்கமாக. நூறு மடங்கு எண்ணெய் லென்ஸின் முனைக்கும் கவர் ஸ்லிப்புக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான் இடைவெளி. 0.17 மில்லிமீட்டர் கனமுள்ள கவர் ஸ்லிப்புக்கென்றே அதை வடிவமைத்திருக்கிறார்கள். மிகக் கனமானதைப் போட்டால் குவியம் உள்ளே எட்டாது. விளக்கை ஆகஸ்ட் கோலர் 1893இல் சொன்ன முறைப்படி சீராக்க வேண்டும். தினமும் காலையில் இதைச் செய்யாமல் யாரும் படம்பிடிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். இன்னொன்று, எண்ணெய் லென்ஸால் தண்ணீருக்குள் ஆழமாகப் பார்க்கும்போது, லென்ஸை 10 மைக்ரான் நகர்த்தினால் குவியம் உள்ளே 10 மைக்ரான் நகராது, குறைவாகத்தான் நகரும். இந்தத் திருத்தத்தைச் செய்யாத முப்பரிமாணப் படத்தில் கோளங்கள் முட்டை வடிவத்தில் நிற்கும்.

துகளின் மையத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? ஒளியின் அலைநீளம் காரணமாக, 200 நானோமீட்டருக்கும் நெருக்கமான இரண்டு புள்ளிகளைச் சாதாரண நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது. எர்ன்ஸ்ட் அபே 1873இல் வகுத்த எல்லை அது. ஆனால் தனியாக நிற்கும் ஒரு துகளின் மங்கலான வெளிச்சத் திட்டுக்கு நடு எங்கே என்று கணக்கிடுவதற்கு அந்த எல்லை தடையில்லை. போதுமான ஒளி இருந்தால் நடுவை 10 நானோமீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடலாம். ஜான் குரோக்கரும் டேவிட் கிரையரும் 1996இல் இதற்கான வழியைத் தெளிவாக எழுதி, கணினி நிரலையும் எல்லோருக்கும் கொடுத்தார்கள். படத்தின் இரைச்சலை வடிகட்டு, உச்சப் புள்ளியைத் தேடு, சுற்றியுள்ள வெளிச்சத்தின் எடைமையத்தை எடு, அடுத்த படத்திலுள்ள மையத்தோடு இணை. நாங்கள் இன்று பைதானில் ஓட்டுவதும் அடிப்படையில் அதே வழிதான்.

அந்த வழியோடு கூடவே ஒரு சோதனையும் வருகிறது; அதை விட்டுவிட்டு வழியை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். ஒரு துகளின் மையம் பிக்ஸலுக்குள் எந்த இடத்திலும் விழச் சம வாய்ப்பு உண்டு. ஆகவே ஆயிரக்கணக்கான மையங்களின் தசமப் பகுதியை மட்டும் எடுத்து வரைந்தால் வரைபடம் தட்டையாக இருக்க வேண்டும். நடுவில் குழி விழுந்தோ ஓரங்களில் குவிந்தோ இருந்தால், எடைமையம் எடுக்கத் தேர்ந்த வட்டம் சிறிது என்று பொருள். நிரல் எந்த எச்சரிக்கையும் காட்டாது. மையங்களை 10 நானோமீட்டர் துல்லியம் போலவே பட்டியலிடும். இந்த வரைபடத்தைப் பார்க்காத வரைக்கும் அந்தப் பட்டியலை நான் தரவு என்று ஏற்பதில்லை.

இரண்டு துகள்கள் மிக அருகில் வரும்போது என்ன ஆகும் என்பது இன்னும் சுவையான விஷயம், பெரிய விவாதமும்கூட. ஒரே மின்னூட்டம் கொண்ட துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பது 1940களில் டெர்யாகின், லாண்டாவ், வெர்வே, ஓவர்பீக் ஆகியோர் எழுதிய கோட்பாடு. ஆனால் 1990களில், கண்ணாடிச் சுவருக்கு அருகில் இருக்கும் ஒரே மின்னூட்டத் துகள்கள் சற்றுத் தொலைவில் ஈர்ப்பது போல் அளவீடுகள் வரத் தொடங்கின. 1997இல் ஒரு முக்கியமான அளவீடு வெளியானது. 2000இல் ஸ்கொயர்ஸ், பிரெனர் இருவரும் அதற்கு வேறொரு விளக்கம் சொன்னார்கள்: சுவர் இரண்டு துகள்களையும் தள்ளுகிறது, தள்ளப்படும் துகள்கள் கிளப்புகிற நீரோட்டம் அவற்றை ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது, ஈர்ப்பு விசை எதுவும் தேவையில்லை. 2005இல் ஜெர்மனியின் பாம்கார்ட்டலும் பெச்சிங்கரும் இன்னும் அடிப்படையான ஒன்றைக் காட்டினார்கள். இரண்டு துகள்களின் மங்கல் திட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கவியும்போது, கணக்கிடும் மையங்கள் சில பத்து நானோமீட்டர் இடம் மாறிவிடுகின்றன. அந்த இடமாற்றம் மட்டுமே, இல்லாத ஈர்ப்பை இருப்பதாகக் காட்டப் போதும். எல்லா அளவீடுகளும் அதனால் பொய்யாகிவிடவில்லை. திருத்தத்துக்குப் பிறகும் ஈர்ப்பு மிஞ்சியதாகச் சொன்ன ஆய்வுகளும் வந்தன. ஆனால் அதற்குப் பிறகு, மிக அருகில் நிற்கும் துகள்களின் விசையை அளப்பவர் யாரும் இந்தத் திருத்தத்தைத் தாண்டிப் போக முடியாது. என் மாணவர்களுக்கு நான் முதலில் படிக்கக் கொடுக்கும் கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

ஒட்டிய மணிக்கு வருகிறேன். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட மணி நகராது. ஆனால் அதைப் படம்பிடித்து அதே நிரலில் ஓட்டினால் அது 10, 20 நானோமீட்டர் அங்குமிங்கும் ஆடுவதாகக் கணக்கு வரும். அந்த ஆட்டம் முழுவதும் கேமராவின் இரைச்சல், விளக்கின் சிமிட்டல், மேசையின் அதிர்வு. துகளுடைய பங்கு அதில் துளியும் இல்லை. கருவி தன்னைத் தானே அளந்து காட்டுகிற ஒரே சந்தர்ப்பம் அது.

நீர்த்த பாலிமர் கரைசலில் மணிகளின் அசைவைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, ஒரு நாள் மாலை எம்.எஸ்.டி. வரைபடத்தோடு வந்தாள். எவ்வளவு நேரத்தில் சராசரியாக எவ்வளவு தூரம் அலைகிறது என்பதன் இருமடியைக் காட்டும் வரைபடம் அது. குறைந்த நேரங்களில் கோடு தட்டையாகக் கிடந்தது, பிறகு ஏறியது.

“மேடம், மணி பாலிமர் வலைக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு, பாருங்க. கூண்டு தெளிவா தெரியுது.”

“ஒட்டின மணியோட கோடு எங்கம்மா?”

“எடுத்து வச்சிருக்கேன் மேடம், வேற ஃபைல்ல இருக்கு.”

“இதே படத்துல போடு.”

போட்டாள். ஒட்டிய மணியின் கோடும் கரைசல் மணியின் தட்டைப் பகுதியும் ஒரே உயரத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப விளக்கைக் கூட்டி எடுத்துப் பார்க்கறேன் மேடம்” என்று அவளாகவே சொன்னாள். அதுதான் சரியான சோதனை. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. உண்மையான கூண்டாக இருந்தால் வெளிச்சம் கூடியதால் அது சுருங்காது. மறுநாள் வெளிச்சத்தைக் கூட்டி எடுத்த படத்தில் இரண்டு கோடுகளும் சேர்ந்தே கீழே இறங்கின. இடத்தைக் கணக்கிடுவதில் வரும் பிழை, குறைந்த நேரங்களில் எப்போதும் ஒரு தட்டைக் கோடாகத்தான் தோன்றும். சிறைப்பட்ட துகளின் கோடும் அப்படியே தோன்றும். இதற்கு எதிர்ப்பக்கப் பிழையும் இருக்கிறது. கேமராவின் திறப்பு நேரம் நீளமானால், அந்த நேரத்துக்குள் துகள் அலைந்தது எல்லாம் ஒரே மங்கலாகிச் சராசரி ஆகிவிடும். அசைவு குறைந்து தெரியும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சவினும் டாயிலும் 2005இல் இந்த இரண்டையும் சேர்த்து எழுதிய கட்டுரையை நாங்கள் இன்னும் எடுத்துப் பார்ப்போம்.

உண்மையான கூண்டு எப்படியிருக்கும் என்று தெரிய அடர்ந்த கூழ்மத்துக்குப் போக வேண்டும். பீட்டர் பியூஸியும் வில்லியம் வான் மெகனும் 1986இல் பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக்கின் கோளங்களை வைத்துச் செய்த சோதனை இந்தத் துறையின் அடித்தளம். கோளங்கள் நிரப்பும் இடம் மொத்தக் கொள்ளளவில் 49.4 சதவீதத்தைத் தாண்டினால் திரவத்துக்குள் படிகம் பிறக்கத் தொடங்கும், 54.5 சதவீதத்தில் எல்லாம் படிகமாகும். 58 சதவீத வாக்கில் படிகமாக நேரமில்லாமல் இறுகிக் கண்ணாடியாகும். ஆய்வகத்தில் இதைப் பார்ப்பதற்கு நுண்ணோக்கிகூட வேண்டாம். சில நாள் அசையாமல் நின்ற புட்டியை எடுத்து வெள்ளை விளக்கின் பக்கத்தில் மெல்லச் சாய்த்தால், உள்ளே பச்சையும் சிவப்பும் நீலமுமாகப் பொட்டுப்பொட்டாக மின்னும். ஒவ்வொரு பொட்டும் ஒரு படிகம். துகள்களின் அடுக்குகள் ஒளியைச் சிதறடிக்கும் விதத்தால் வரும் நிறம் அது. ஓபல் கல்லின் நிறமும் சிலிக்கா கோளங்களின் அடுக்குகளால் வருவதே என்று 1964இல் ஆஸ்திரேலியாவில் சாண்டர்ஸ் காட்டினார். பக்கத்தில் இன்னும் அடர்த்தியான புட்டி, மாதங்கள் கழிந்தும் ஒரு பொட்டும் மின்னாமல் வெளிறியே நிற்கும்.

அந்த வெளிறிய புட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கன்ஃபோக்கல் நுண்ணோக்கி தேவை. மார்வின் மின்ஸ்கி மூளையின் நரம்பணுக்களைப் பார்ப்பதற்காக 1950களில் கண்டுபிடித்துக் காப்புரிமை கேட்ட கருவி அது. குவியத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒளியை ஒரு நுண்துளை தடுத்துவிடும். ஆனால் கூழ்மம் பால் போலிருந்தால் இந்தக் கருவியாலும் உள்ளே பார்க்க முடியாது. கோளத்தின் ஒளிவிலகலும் திரவத்தின் ஒளிவிலகலும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போது புட்டி கண்ணாடி போலத் தெளியும். அடர்த்தியும் ஒன்றாக இருந்தால்தான் துகள்கள் அடியில் படியாமல் நிற்கும். பி.எம்.எம்.ஏ.வுக்கு டெக்கலினையும் சைக்ளோஹெக்ஸைல் புரோமைடையும் கலந்து இரண்டையும் ஒரே நேரத்தில் சரிக்கட்டுவோம். அறை வெப்பம் சில டிகிரி மாறினால் அடர்த்திச் சமன் கெட்டுவிடும். ஆகவே ஆய்வகத்தின் ஏ.சி. எங்கள் சோதனையின் ஒரு பாகம்.

2000இல் எரிக் வீக்ஸும் கூட்டாளிகளும் ஹார்வர்டில் இப்படி எடுத்த முப்பரிமாணப் படங்களை வெளியிட்டார்கள். கண்ணாடி நிலையை நெருங்கும்போது வேகமாக நகரும் துகள்கள் தனித்தனியாக நகர்வதில்லை, கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து நகர்கின்றன என்று அதில் தெரிந்தது. எங்கள் படங்களில் நான் இதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை. ஒரு துகள் தன் அண்டைத் துகள்களுக்கு நடுவே தன் விட்டத்தில் ஒரு சிறு பங்கு தூரம் மட்டும் நடுங்கிக்கொண்டே நெடுநேரம் நிற்கும். எதிர்பாராமல் பக்கத்தில் ஒன்று விலகும், அந்த இடத்துக்கு இது நகரும், இது விட்ட இடத்துக்கு இன்னொன்று வரும். சில நொடிகளில் முடிந்து மறுபடி எல்லாம் நடுக்கம்தான்.

இந்த நடுக்கத்தின் அளவு சில நூறு நானோமீட்டர். கருவியின் இரைச்சல் இருபது முப்பது. துகளைப் பெரிதாக்கினால் இடைவெளி வசதியாகும், ஆனால் விட்டம் இரண்டு மடங்கானால் துகள் தன் அளவு தூரம் நகர எட்டு மடங்கு நேரமாகும். கண்ணாடி நிலைக்கு அருகில் அது மணிக்கணக்காக, நாள்கணக்காக நீளும். அவ்வளவு நேரத்தில் நுண்ணோக்கியின் மேடையே நகர்ந்துவிடும். எல்லாத் துகள்களின் சராசரி நகர்வைக் கழித்து இதைச் சரிசெய்கிறோம். படத்தில் துகள்கள் குறைவாக இருந்தால் அந்தக் கழித்தல் உண்மையான அசைவிலும் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆகவே துகளின் அளவு, படத்தின் பரப்பு, நேரம் மூன்றையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். நல்ல பரிசோதனையாளர் யார் என்று கேட்டால், இந்த மூன்றையும் கலம் செய்வதற்கு முன்னாலேயே தாளில் போட்டுப் பார்ப்பவரைத்தான் காட்டுவேன்.

இவ்வளவுக்குப் பிறகும் மிகக் கடினமான எண் ஒன்று மிச்சம் இருக்கிறது. நாங்கள் பேச்சில் ‘ஃபை’ என்று சொல்கிற, கோளங்கள் நிரப்பும் கொள்ளளவுப் பங்கு. மேலே சொன்ன 49.4, 54.5, 58 எல்லாமே அதன் எண்கள். அதை அளக்கும் வழி ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை உண்டு. மையவிலக்கியில் சுற்றி அடியில் இறுகப் படிய வைத்து, அந்த வண்டலில் ஃபை 64 சதவீதம் என்று எடுத்துக்கொள்வது ஒரு வழி. ஆனால் படியில் அளந்த உளுந்தைத் தட்டினால் இன்னும் கொஞ்சம் இறங்குவது போல, அந்த 64 எப்படிப் படிய வைத்தோம் என்பதையும் துகள்களின் அளவு எவ்வளவு மாறுபடுகிறது என்பதையும் பொறுத்தது. படத்தில் துகள்களை எண்ணி ஒன்றின் கன அளவால் பெருக்குவது இன்னொரு வழி. ஆரத்தில் ஒரு சதவீதப் பிழை இருந்தால் ஃபையில் மூன்று சதவீதமாகும். துகளின் மேல் நாங்கள் முளைக்க வைத்திருக்கும் பத்து நானோமீட்டர் மயிரிழைப் படலமும், கரைப்பானில் துகள் ஊதுவதும் அந்த ஆரத்தில் சேரும். வில்சன் பூனும் வீக்ஸும் ராயலும் 2012இல் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் கணக்குப் பார்த்து, ஃபையின் பிழை 3 முதல் 6 சதவீதத்துக்குக் குறைவாக இருப்பது அரிது என்று முடித்தார்கள். படிகத்துக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள இடைவெளியே ஏறத்தாழ அவ்வளவுதான். கட்டுரைகளில் ஃபையை மூன்று தசம இலக்கத்தோடு பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஒரே தொகுதியிலிருந்து நீர்க்கச் செய்து எடுத்த மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட மூன்றாம் இலக்கம் செல்லும். வேறோர் ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிடச் செல்லாது. இதைக் கட்டுரையிலேயே எழுத வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

சில வருஷங்களாக நரம்பியல் வலைப்பின்னல் நிரல்கள் துகளின் மையத்தைக் கண்டுபிடிக்க வந்துவிட்டன. மங்கிய படங்களிலும் ஒன்றையொன்று மறைக்கும் துகள்களிலும் அவை பழைய வழியை மிஞ்சுகின்றன, நாங்களும் பயன்படுத்துகிறோம். நிபந்தனை ஒன்றுதான். மையம் எங்கே என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்த செயற்கைப் படங்களை, நம் கேமராவின் இரைச்சலோடு உருவாக்கி, முதலில் அவற்றில் ஓட்டிக் காட்ட வேண்டும். பிறகு ஒட்டிய மணியில். அதற்குப் பிறகுதான் மாதிரியில்.

இப்போது எங்களிடம் ஓடுவது மைக்ரோஜெல் சோதனை. பிநிபாம் என்ற பாலிமரால் ஆன மென்மையான துகள்கள். 32 டிகிரியை நோக்கிச் சூடாகச் சூடாக நீரை விட்டுச் சுருங்கும். கலத்தைத் திறக்காமலே, வெப்பத்தை மட்டும் மாற்றிக் கண்ணாடி நிலைக்குள் போகலாம், வெளியே வரலாம். பத்தில் ஒரு டிகிரிகூட இதில் கணக்கு. அந்தப் பாலிமர் மாணவிதான் இதையும் செய்கிறாள். மேடையின் சூடேற்றி காட்டும் வெப்பத்தை நம்பாமல், ஒரு மெல்லிய தெர்மிஸ்டரைக் கலத்துக்குள்ளேயே வைத்து அடைத்து அளந்தாள். எண்ணெய் வழியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் பித்தளை லென்ஸ் கலத்தின் சூட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தது. படம்பிடிக்கும் இடத்தில் மட்டும் வெப்பம் குறைவாக இருந்தது. லென்ஸைச் சுற்றியும் ஒரு சூடேற்றும் வளையம் மாட்டி, இரண்டு எண்களும் ஒன்றாகும் வரை காத்திருந்து, பிறகுதான் கேமராவை ஓட விட்டாள்.